தொலி: ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

திருநெல்வேலிப் பக்கத்து மளிகைக் கடையில் நின்று "அரைக் கிலோ தொலி உளுந்து" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் மறுகேள்வி கேட்க மாட்டார். உடைத்த, கறுப்பு நீங்காத உளுந்தை நிறுத்துத் தந்துவிடுவார். அதே சொல்லைச் சென்னைக் கடையில் சொன்னால், "தோல் உளுந்தா? கறுப்பு உளுந்தா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பொருள் ஒன்றுதான். நடுவில் ஒரு சொல் காணாமல் போயிருக்கிறது.

அந்தச் சொல்லை நான் கற்றது என் ஆச்சியின் அடுக்களையில். ஊறிய உளுந்தை அகலப் பாத்திரத்தில் இட்டு, நீருக்குள் இரு உள்ளங்கைகளாலும் தேய்ப்பாள். கறுப்புச் சிறகுகள்போல் உறை கழன்று மேலே மிதக்கும். அதைச் சாய்த்து வடித்துவிட்டு மறுபடி நீர் ஊற்றுவாள். நான் கை வைத்தால், "ஏல, தொலிய முழுசாப் போக்காத. கொஞ்சம் கெடக்கட்டும்" என்பாள். அவள் வாயில் அது தோல் ஆனதில்லை. தோல் என்றால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரியது, செருப்பில் இருப்பது. உளுந்துக்கு இருப்பது தொலி.

தொலி எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது, எங்கிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளையும் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவாணர் வகுத்த படிநிலை

காய்கனிகளின் மேலுறைக்குத் தமிழில் உள்ள சொற்களை வரிசைப்படுத்தி விளக்கியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981). அவருடைய சொல்லாய்வுக் கட்டுரைகளில் உள்ள இந்தப் பகுதி, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் வழியாக இன்று மாணவர்களையும் எட்டியிருக்கிறது. அவர் வகுப்பின்படி மிக மெல்லிய உறை தொலி. சற்றுத் தடித்தது தோல். வன்மையானது தோடு. மிக வன்மையானது ஓடு. இந்த நான்கும் ஒரே ஏணியின் படிகள். இவற்றுக்கு வெளியே, குறிப்பிட்ட பயிருக்கே உரிய சொற்களையும் அவர் தருகிறார். சுரையின் ஓடு குடுக்கை. தேங்காய் நெற்றின் மேற்பகுதி மட்டை. நெல்லுக்கும் கம்புக்கும் உமி. வரகுக்கும் கேழ்வரகுக்கும் கொம்மை.

பாவாணர் பிறந்த ஊர் சங்கரன்கோவில். தொலி இன்றும் உயிரோடு வழங்கும் நிலப்பகுதி அது. வேறெங்கோ பிறந்திருந்தால் இந்த ஏணியின் முதற்படி அவர் கண்ணில் பட்டிருக்குமா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்த வகுப்பு எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு நிலக்கடலையே சாட்சி. வறுத்த கடலையை விரல்களுக்கிடையே வைத்து நெரித்தால் உடைவது ஓடு. உள்ளிருக்கும் பருப்பை உள்ளங்கையில் இட்டுத் தேய்த்து வாயால் ஊதினால் சிவப்பாகப் பறப்பது தொலி. ஒரே காயில் ஏணியின் இரு முனைகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் நாம் எதை உடைத்தோம், எதை ஊதினோம் என்று சொல்லத் தெரியாமல் நின்றிருப்போம்.

ஆனால் ஓர் இடத்தில் இந்தப் படிநிலை வழக்கோடு முழுவதும் ஒட்டவில்லை. குமரி மாவட்டத்தில் வாழைப்பழத்தின் மேலுறையைப் பழத்தொலி என்பார்கள். வாழைப்பழத்தின் உறை மெல்லியதன்று. கடலைத் தொலியை விடப் பல மடங்கு தடித்தது. பிறகு ஏன் அது தொலி? தடிப்பு ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் இதற்கு விடை கிடைக்காது. கையைப் பார்த்தால் கிடைக்கும். உளுந்து, கடலை, வாழைப்பழம் மூன்றிலும் உறை கையாலேயே கழன்று வருகிறது. அரிவாள்மணை வேண்டாம், கல் வேண்டாம். ஆகவே தொலி என்பதற்கு மெல்லிய உறை என்ற பொருளோடு, எளிதில் கழன்று விலகும் உறை என்ற பொருளும் சேர்ந்தே இருக்கிறது. பாவாணரின் அளவுகோலை மறுக்க வேண்டியதில்லை. அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

பழைய சான்றுகள்

தொல்காப்பிய மரபியல் தாவர உறுப்புகளின் பெயர்களை முறைப்படுத்துகிறது. வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கும் அந்நூல், தோடு, மடல், ஓலை, ஏடு போன்றவற்றைப் புல்லின் உறுப்புகளாக வைக்கிறது. காய், பழம் ஆகியவற்றை அடுத்துத் தோலையும் செதிளையும் எண்ணுகிறது. தாவரத்தின் உறையைத் தோல் என்பது நேற்றைய உவமை வழக்கு அன்று, இலக்கணம் அறிந்த பழைய பெயர் என்பதற்கு இதுவே சான்று.

தோல் என்ற சொல் சங்கப் பாடல்களில் கேடயத்துக்கும் யானைக்கும்கூட வந்திருக்கிறது. விலங்கின் தோல் போர்த்த பலகை கேடயம். கண்ணுக்குத் தோலே பெரிதாகத் தெரியும் விலங்கு யானை. இப்படி உடலை மூடுவதிலிருந்து உடலைக் காப்பதுவரை தோல் பரந்தது. தொலியோ அடுக்களையையும் களத்தையும் விட்டு வெளியே போகவில்லை. தொலித்தல் என்ற வினைக்கு உரித்தல் என்றும், தானியத்தைக் குற்றி உமி நீக்குதல் என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. தோலுக்கு அரசவையும் போர்க்களமும் கிடைத்தன. தொலிக்குக் கிடைத்தவை உரலும் முறமும்.

தோடும் கோதும் வேறு வழிகளில் போயின. காதணியைத் தோடு என்கிறோம். பனையோலையைச் சுருட்டிக் காதில் செருகிய காலத்தின் பெயர் அது. பொன்னும் வைரமும் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. சம்பந்தரின் முதற்பதிகம் தொடங்குவதே இந்தச் சொல்லில்தான். கோது என்பது சாறு போன பின் எஞ்சும் சக்கைக்கும், நீக்கப்படும் உறைக்கும் உரிய பெயர். நீக்கத் தக்கது என்பதிலிருந்து குற்றம் என்ற பொருள் அதற்கு ஏறியது. அதனால்தான் குற்றமற்றதைக் கோதற்றது என்கிறோம். இலங்கைத் தமிழில் கோது இன்றும் நேர்ப்பொருளிலேயே வழங்குகிறது. கச்சான் கோது என்றால் நிலக்கடலை ஓடு, முட்டைக்கோது என்றால் முட்டை ஓடு.

பிறப்பு பற்றிய மூன்று கருத்துகள்

தொலி, தோல் ஆகியவற்றின் பிறப்பைப் பற்றி மூன்று வழிகளில் எண்ண இடமிருக்கிறது.

முதலாவது, வடமொழியில் தோலைக் குறிக்கும் துவக் என்ற சொல்லோடு இவற்றை இணைப்பது. துவக் தமிழுக்கு வந்தது உண்மைதான். ஆனால் அது தொக்கு என்ற வடிவில் வந்தது. சைவ சித்தாந்த நூல்கள் அறிகருவிகளை எண்ணும்போது சோத்திரம், தொக்கு, சட்சு, சிங்குவை, ஆக்கிராணம் என்கின்றன. அங்கே தொக்கு என்பது தொடுபுலனாகிய தோல். கடன்சொல் வந்த வடிவம் கண்முன் தெளிவாக இருக்கும்போது, அதே மூலத்திலிருந்து தோலும் வந்தது என்பது பொருந்தவில்லை. மேலும் மத்திய இந்தியாவின் காடுகளில் பேசப்படும் கோண்டியிலும் கோலாமியிலும் தோல் என்ற வடிவமே வழங்குகிறது. பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்ந்த அம்மொழிகள்வரை ஒரே வடிவம் பரவியிருப்பது, சொல் திராவிடக் குடும்பத்தின் பொதுச் சொத்து என்பதையே காட்டுகிறது.

இரண்டாவது, வினையிலிருந்து பெயர் பிறந்தது என்பது. கெடு என்பதிலிருந்து கேடு, சுடு என்பதிலிருந்து சூடு, பெறு என்பதிலிருந்து பேறு பிறப்பதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். அதுபோலத் தொலி என்ற வினையின் முதல் நீண்டு தோல் ஆயிற்று என்று கொள்ளலாம். பொருள் அளவில் இது கவர்ச்சியான விளக்கம். உரிக்கப்படுவது எதுவோ அது தோல். ஆனால் ஒலி அளவில் ஓர் இடறல் உண்டு. கேடு, சூடு, பேறு எல்லாவற்றிலும் முதலெழுத்து நீண்டபோது ஈற்று உகரம் அப்படியே நின்றது. தொலி என்பதில் முதல் நீள்வதோடு ஈற்று இகரமும் மறைய வேண்டும். அந்த மறைவுக்கு இந்த விதியில் இடமில்லை.

மூன்றாவது, உறவுமொழிகளை ஒப்பிட்டுக் காண்பது. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இதற்குப் பெருந்துணை. மலையாளத்தில் தோல், தொலி இரண்டும் உள்ளன. தெலுங்கில் தோலு. கன்னடத்தில் தொகலு. துளுவில் துகலு. இந்தக் கன்னட, துளு வடிவங்களில்தான் திறவுகோல் இருக்கிறது. நடுவில் நிற்கும் ககரம் பழையது. அது தேய்ந்து, முன்னிருந்த குறில் நெடிலானால் தொகல் தோல் ஆகும். தமிழுக்கு இது புதிதன்று. அகப்பை ஆப்பை ஆனதும், பகுதி பாதி ஆனதும், சேரமகன் சேரமான் ஆனதும் இதே வழியில்தான்.

இந்த உறவை நிறுவ நூலகம் போக வேண்டியதில்லை, ஒரு கூத்து மேடை போதும். விளக்கொளியில் திரைக்குப் பின்னால் ஆடும் பாவைகளைத் தமிழில் தோற்பாவைக் கூத்து என்கிறோம். கேரளத்தில் அது தோல்பாவைக்கூத்து. ஆந்திரத்தில் தோலு பொம்மலாட்டம். கர்நாடகத்தில் தொகலு கொம்பெயாட்டம். ஒரே கலை, ஒரே பொருள், நான்கு மொழிகளில் ஒரே சொல். கர்நாடகத்தில் மட்டும் ககரம் தேயாமல் நிற்கிறது.

அப்படியானால் குறில் உடைய தொலி எப்படி வந்தது? நெடில் முதலை உடைய சொல், பின்னால் ஒன்று வந்து சேரும்போது குறுகுவது தமிழின் பழைய இயல்பு. ஆறு அறுபதாகிறது. ஏழு எழுபதாகிறது. தான் தனது ஆகிறது. தோல் என்பதோடு இகரம் சேர்ந்து தொலி ஆனது என்பது இந்த இயல்போடு ஒத்துப் போகிறது. இப்படிப் பார்த்தால் தொலியிலிருந்து தோல் வரவில்லை. தோலிலிருந்தே தொலி வந்தது. தோலை நீக்குதல் என்ற வினையாக அது முதலில் நின்று, பிறகு நீக்கப்படும் உறைக்கே பெயராயிற்று என்று கொள்வதே ஒலிக்கும் பொருளுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது என்பது என் துணிபு. வினை வழி விளக்கம் சொன்னவர்களும் முற்றிலும் தவறியதாகச் சொல்ல முடியாது. தொலிக்கும் உரிப்பதற்கும் உள்ள உறவை அவர்கள் சரியாகவே உணர்ந்தார்கள். பிறப்பின் திசைதான் மாறிவிட்டது.

பழத்தொலி என்ற வழக்குக்கும் இங்கே விளக்கம் கிடைத்துவிடுகிறது. உடம்போடு ஒட்டியிருப்பது தோல். கழற்றப்படுவது தொலி. மலையாளம் பிற்காலத்தில் இந்த எல்லையைத் தாண்டி, மனித உடலின் தோலுக்கும் தொலியை வழங்கிக்கொண்டது. வெட்கமின்மையைத் தொலிக்கட்டி என்பது அங்கே அன்றாடப் பேச்சு.

ஒலி ஒத்தும் உறவில்லாதவை

சொற்பிறப்பில் இறங்குவோர் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. தோல்வி என்பதற்கும் தோலுக்கும் தொடர்பில்லை. தோற்றல் என்ற தனி வினையின் பெயர் அது. ஊறுகாய் வரிசையில் வைக்கப்படும் தக்காளித் தொக்குக்கும் சித்தாந்தத்தின் தொக்குக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. இலங்கையில் ஆரஞ்சைத் தோடம்பழம் என்பார்கள். உரிக்கத் தக்க தடித்த உறை இருப்பதால் தோடு உள்ள பழம் என்று பொருள் சொல்லத் தோன்றும். ஆனால் சிங்களத்தில் அப்பழத்தின் பெயர் தொடம். அந்த அயல்மொழி உறவைக் கணக்கில் கொள்ளாமல் தோடு என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டுவது பிழை.

தாவரவியல் எங்கே ஒத்துவருகிறது

கனியின் சுவரைத் தாவரவியல் வெளி, நடு, உள் என மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. தேங்காயில் வெளி அடுக்கும் நார் நிறைந்த நடு அடுக்கும் சேர்ந்தது மட்டை. நெல்லைப் பக்கம் அதைக் கதம்பை என்பார்கள். கல்போன்ற உள் அடுக்குக்குக் குமரியிலும் இலங்கையிலும் சிரட்டை என்றும், பிற பகுதிகளில் கொட்டாங்குச்சி, தொட்டி என்றும் பெயர். கடலையின் ஓடு கனியின் சுவர். அதன் தொலியோ விதையின் உறை. உளுந்தின் தொலியும் அவ்வாறே. அறிவியல் கனியுறை என்றும் விதையுறை என்றும் பிரிக்கும் இடத்தில் ஆச்சியும் இரண்டு சொற்களால் பிரித்தே பேசினாள்.

வெங்காயத்தின் செய்தி இன்னும் வியப்பானது. அதன் மேலுறையை வெங்காயச் சருகு என்கிறோம். சருகு என்றால் உலர்ந்த இலை. தாவரவியலின்படி வெங்காயத்தின் அடுக்குகள் எல்லாம் இலைகளின் அடிப்பகுதிகளே. மேலே காய்ந்து உதிர்வது உண்மையிலேயே உலர்ந்த இலைப்பகுதிதான். அதைத் தோல் என்று சொல்வதைவிடச் சருகு என்று சொல்வதே சரி. நெல்லுக்கும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. புறத்தே இருப்பது உமி, அதற்கு உள்ளே அரிசியோடு ஒட்டியிருப்பது தவிடு. உமி அடுப்புக்குப் போகும், தவிடு மாட்டுக்குப் போகும். பயன் வேறானதால் பெயரும் வேறாயிற்று. பருப்பு உடைத்தபின் எஞ்சும் தொலிக்கும் அப்படித்தான். துவரம்பொட்டு, உளுத்தம்பொட்டு என்று தீவனக் கடையில் அதற்குத் தனிப்பெயர்.

உறைக்கு ஏற்ற வினை

பெயர்களை மட்டும் பட்டியலிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒவ்வோர் உறைக்கும் தமிழ் ஒரு வினையை வைத்திருக்கிறது. வெங்காயத்தை உரிக்கிறோம். பீர்க்கங்காயைச் சீவுகிறோம். இஞ்சித் தோலைச் சுரண்டுகிறோம். புளியம்பழத்தின் ஓட்டைத் தட்டுகிறோம். விளாம்பழத்தை உடைக்கிறோம். நெல்லைக் குற்றிப் புடைக்கிறோம். உளுந்தைத் தேய்த்துக் களைகிறோம். இஞ்சியை உரி என்றோ, விளாம்பழத்தைச் சீவு என்றோ வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் சிறுபிள்ளையும் திருத்தும்.

உறையின் வன்மை கருவியைத் தீர்மானிக்கிறது, கருவி வினையைத் தீர்மானிக்கிறது, வினையும் உறையும் சேர்ந்து பெயரைத் தீர்மானிக்கின்றன. தொலிக்கு உள்ளங்கை. தோலுக்குக் கத்தி. ஓட்டுக்குக் கல். மட்டைக்குப் பாரை. உமிக்கு உலக்கை. சுரைக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு. மற்றவற்றில் உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு உறையை எறிகிறோம். முற்றிய சுரையில் உள்ளிருப்பதை எறிந்துவிட்டு உறையை வைத்துக்கொள்கிறோம். விதை சேமிக்கவும், நீர் மொள்ளவும், மகுடியின் வயிறாகவும் அது பயன்பட்டது. ஆகவே அதற்குக் குடுக்கை என்று ஒரு பாத்திரத்தின் பெயரே வந்தது.

எது கையில் எஞ்சுகிறது

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அதற்கும் மேலே போகும் வேட்கையில் பிறந்தது. இவற்றில் சொல் பதிவாகிவிடும். ஆனால் ஒரு சொல் எந்த ஊரில், எந்தக் காய்க்கு, எந்தக் கையசைவோடு வருகிறது என்பது அகராதியில் முழுவதும் அடங்காது. உமி நீக்கும் வேலை ஆலைக்குப் போனதும் கொம்மை என்ற சொல் வீட்டைவிட்டுப் போனது. வெள்ளை வெளேரென்ற முழு உளுந்து பொட்டலமாக வரத் தொடங்கியதும் தொலி போக்கும் வேலை நின்றது. வேலை நின்ற வீட்டில் சொல்லும் நிற்பதில்லை.

இதற்கு மருந்து பழங்காலத்துக்குத் திரும்புவது அன்று. சத்துக்காகத் தோலோடு உண்ணுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்நாளில், தொலி உளுந்துக்கும் பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கும் வீடுகளில் மறுபடி இடம் கிடைத்து வருகிறது. பொருள் திரும்பி வரும்போது அதன் பெயரையும் கூட அழைத்துக்கொள்வதில் நமக்கு என்ன இழப்பு? பாடநூலில் தொலி, தோல், தோடு, ஓடு என்று மனப்பாடம் செய்யும் பிள்ளையின் கையில் ஒரு பிடி வறுகடலையைக் கொடுத்து, எது ஓடு, எது தொலி என்று காட்டிவிட்டால் அந்தச் சொல் அவன் ஆயுள்வரை நிற்கும்.

வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காய்கனிகளின் மேலுறைக்கு என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். ஊர்ப்பெயர், காயின் பெயர், உறையின் பெயர், அதை நீக்கும் வினை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என் நோட்டின் முதல் வரி இது: திருநெல்வேலி, உளுந்து, தொலி, களைதல்.